175-ஆம் பிரிவும் டாக்டர் ஹிர்ஷ்ஃபெல்டும்

(எழுதியது: மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம் ஆண்டு மலரில் வருடா வருடம் பெரியவர்களின் வரலாறு வரும். விஸ்வேஸ்வரய்யா வந்துவிட்டார், எடிசன் வந்துவிட்டார், அப்துல் கலாம் ஐயா இரண்டு தடவை வந்துவிட்டார். இந்த முறை நான் எடுத்துக்கொண்டவர் ஒரு ஜெர்மானிய டாக்டர். பெயர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். வாயில் நுழையக் கொஞ்சம் சிரமமான பெயர்தான். ஆனால் ஒரு காலத்தில் ஜெர்மனியில் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. பாராட்டினவர்களும் உண்டு, கேலிப்படம் போட்டவர்களும் உண்டு, அடித்தே கொல்லப் பார்த்தவர்களும் உண்டு. ஒரே ஒரு சட்டப்பிரிவை எடுக்கச் சொல்லி வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் இவர். ஓர் ஆண் இன்னோர் ஆணோடு உறவு கொண்டால் சிறை என்று சொன்ன பிரிவு அது.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம்ம ஹாஸ்டலில் சிரிப்புதான். பட்டப்பேரு வைப்பாங்க, அந்தப் பேரு மூணு வருஷமும் கூடவே வரும். அதனாலதான் எழுதறேன். சிரிக்கிறவங்க ஒரு தடவை முழுசா படிச்சிட்டு அப்புறம் சிரிக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. இவர் வாழ்க்கையில் மாணவர்கள் மூன்று முறை வருகிறார்கள். அதில் இரண்டு முறை மாணவர்கள் நடந்துகொண்ட விதம் நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

1868 மே 14-ஆம் தேதி பால்டிக் கடலோரத்தில் உள்ள கோல்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யா, இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. அப்பா ஹெர்மன் ஹிர்ஷ்ஃபெல்டும் டாக்டர், யூதர். ஊருக்கு அவர் செய்த மருத்துவத் தொண்டுக்காக ஊரார் அவருக்கு நினைவுச்சின்னமே எழுப்பினார்கள். ஆக, நம்மில் பலரைப் போல வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவர் அல்ல இவர். முதலில் மொழிப் படிப்பில் சேர்ந்தார், பிறகு மருத்துவத்துக்கு மாறினார், 1892இல் டாக்டர் ஆனார். மாக்டபர்க் நகரில் கொஞ்ச காலம் வைத்தியம் பார்த்துவிட்டு 1896இல் பெர்லினை ஒட்டிய சார்லாட்டன்பர்க்குக்கு வந்து சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில் நடந்த ஒன்றுதான் அவர் பாதையைத் திருப்பியது. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் ராணுவ அதிகாரி, தன் கல்யாணத்துக்கு முந்தின இரவு தற்கொலை செய்துகொண்டார். வீட்டாருக்காகக் கல்யாணத்துக்குத் தலையாட்டியவர். ஆனால் மனசு பெண் பக்கம் போகாதவர். சாவதற்கு முன் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, தன் கதை வெளியே தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார். 1895இல் லண்டனில் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டுக்கு இதே மாதிரிக் குற்றத்துக்காக இரண்டு வருடக் கடுங்காவல் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து அவரை உலுக்கிவிட்டன. 1896இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சொந்தப் பெயரில் அல்ல, ராமியன் என்ற புனைபெயரில். பயம் இருந்திருக்கும், இல்லாமலா? அவருமே ஆண்களை விரும்பியவர்தான். கடைசிவரை அதை எந்த மேடையிலும் அவர் அறிவித்ததில்லை. அறிவித்திருந்தால் அவர் ஆராய்ச்சி ஒன்றையும் யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை பிடிபடாது. 1871 வரை ஜெர்மனி ஒரே நாடு அல்ல, பல அரசுகள். பவேரியாவில் 1813ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரியவர்கள் இருவர் மனம் ஒத்து இருந்தால் சர்க்கார் தலையிடாது. பிரஷ்யாவிலோ சிறை. எல்லா அரசுகளும் பிரஷ்யாவின் தலைமையில் ஒன்றானபோது பிரஷ்யாவின் சட்டமே எல்லோர் தலையிலும் ஏறியது. 1872 ஜனவரி 1 முதல் அதற்குப் பெயர் 175-ஆம் பிரிவு. நேற்றுவரை குற்றமில்லாத ஒன்று இன்று காலையில் குற்றம்! மனிதன் மாறவில்லை, எல்லைக்கோடுதான் மாறியது.

இதை முன்கூட்டியே எதிர்த்தவர் ஒருவர் இருந்தார். கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் என்ற சட்டம் படித்தவர். 1867இல் மியூனிக்கில் சட்ட வல்லுநர்கள் மாநாட்டில் தனியாளாக எழுந்து, இது இயற்கை, இதற்குத் தண்டனை கூடாது என்று பேச ஆரம்பித்தார். கூச்சல் போட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். 1895இல் இத்தாலியில் எங்கோ ஒரு ஊரில் ஏழையாக இறந்துபோனார். மூன்றே வருடத்தில் அவருடைய நூல்களைத் தேடி எடுத்து மறுபதிப்புப் போட்டவர் ஹிர்ஷ்ஃபெல்ட்தான்.

175-ஆல் யாருக்கு லாபம்? போலீஸுக்குக்கூட இல்லை. மிரட்டிப் பணம் பறிக்கிற கூட்டத்துக்குத்தான் லாபம். ஒருவனைப் பற்றித் தெரிந்துகொள்வது, போலீஸில் சொல்லிவிடுவேன் என்பது, மாதா மாதம் கறப்பது. கொடுத்துக் கொடுத்துச் சொத்தை இழந்தவர்களும், கொடுக்க முடியாமல் உயிரை விட்டவர்களும் டாக்டரிடம் வந்தவர்களிலேயே இருந்தார்கள். புகார் கொடுக்கப் போனால் தன் கைக்கே விலங்கு வரும் என்றால் எவன் போவான்?

1897 மே மாதம் டாக்டர் வீட்டில் ஒரு குழு உருவானது. அறிவியல் மனிதநேயக் குழு என்று பெயர். உலகத்திலேயே இதற்காக ஏற்பட்ட முதல் சங்கம் இதுதான் என்பார்கள். ஆரம்பித்தது யார் யார் என்று பாருங்கள்: ஒரு டாக்டர், புத்தகம் பதிப்பிக்கிற ஒருவர், ஓர் எழுத்தாளர், ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த ஒருவர். கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. மனு எழுதினார்கள். 175-ஐ எடுத்துவிடுங்கள், வன்முறை, சிறுவர்கள், பொது இடத்தில் அசிங்கம் இவற்றுக்கு மட்டும் தண்டனையை வைத்துக்கொள்ளுங்கள் என்பது மனுவின் சாரம். அதோடு கையெழுத்துச் சேகரிப்பு. 1898 ஜனவரியில் சோஷலிஸ்டுத் தலைவர் ஆகஸ்ட் பேபல் நாடாளுமன்றத்தில் இதற்காகப் பேசினார். இந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தினால் பெர்லினில் சிறைக்கூடம் பத்தாது என்கிற ரீதியில் போட்டு உடைத்தார். சபையில் எதிர்ப்புத்தான். மனு தோற்றது. மறுபடி கையெழுத்து, மறுபடி மனு. வருடங்கள் போகப் போக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரமுகர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதில் நம் இயற்பியல் புத்தகத்து ஐன்ஸ்டீனும் ஒருவர். தாமஸ் மான், ஹெர்மன் ஹெஸ்ஸே போன்ற எழுத்தாளர்களும் உண்டு.

இனி மாணவர்கள் வரும் முதல் கட்டம். இப்படிப்பட்டவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத எண்ணிக்கையை வைத்துக்கொண்டு சர்க்காரிடம் வாதாட முடியுமா? 1903 டிசம்பரில் சார்லாட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் சுமார் மூவாயிரம் பேருக்குத் தபாலில் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். உங்கள் விருப்பம் பெண்கள் மேலா, ஆண்கள் மேலா, இருவர் மேலுமா? பெயர் எழுத வேண்டாம், பதில் மட்டும் போதும். அடுத்த வருடம் பெர்லின் உலோகத் தொழிலாளர்களிடமும் இதே கேள்வி. நம்மைப் போன்ற ஒர்க்‌ஷாப் ஆட்கள். பதில்களை வைத்து, நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல் இருப்பார்கள் என்று கணக்கிட்டார். எங்கள் கிளாஸில் அறுபது பேர். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொழிலாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நம் இனத்து மாணவர்கள் சிலர்தான் கோர்ட்டுக்குப் போனார்கள், எங்களை அவமானப்படுத்திவிட்டார் என்று! கேள்வி கேட்டதே அவமானமாம். 1904இல் டாக்டருக்கு 200 மார்க் அபராதம். கட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இவருடைய கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கணக்குதான். ஆண், பெண் என்று இரண்டே பெட்டி போட்டு மனிதரை அடைக்க முடியாது என்பது இவர் வாதம். பிறப்புறுப்பு, உடலின் மற்ற அமைப்பு, யார் மேல் ஆசை, மனசின் குணம் என்று நான்கு வகை. ஒவ்வொன்றிலும் நான்கு அம்சம், ஆக 16. ஒவ்வோர் அம்சமும் ஆண் தன்மையாக இருக்கலாம், பெண் தன்மையாக இருக்கலாம், கலந்தும் இருக்கலாம். அப்படியானால் மூன்றின் 16-ஆம் அடுக்கு. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 4,30,46,721. இத்தனை வகை மனிதர்! நான் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. இதெல்லாம் மனிதரை அளக்கச் சரியான அளவுகோலா என்பது வேறு கேள்வி. ஆனால் இரண்டு என்று சாதித்துக்கொண்டிருந்த உலகத்துக்கு முன்னால் நாலு கோடி என்று சொல்லத் தைரியம் வேண்டும்.

சறுக்கல்களும் உண்டு. புகழ்ந்தே எழுதினால் வரலாறு ஆகாது. 1907இல் ஒரு பெரிய அவதூறு வழக்கு. ராணுவ அதிகாரி ஒருவர் எப்படிப்பட்டவர் என்று நிபுணர் சாட்சி சொல்ல இவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஓரினச்சேர்க்கையாளர் என்று கோர்ட்டில் இவர் சொன்னார். மறு விசாரணையில் அதை இவரே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொள்ளாத ஒன்றை நாலு பேர் முன்னால் டாக்டர் உடைத்துச் சொல்லலாமா? எனக்கு அது சரியாகப் படவில்லை. குழுவுக்குப் பணம் கொடுத்தவர்கள் பலர் பயந்து விலகினார்கள். யார் குழந்தை பெறலாம், யார் பெறக்கூடாது என்று பேசிய இன மேம்பாட்டுக் கொள்கையிலும் அக்காலத்து டாக்டர்கள் பலரைப் போல இவருக்கு நம்பிக்கை இருந்தது. அந்தக் கொள்கை பின்னால் யார் கையில் போய் என்ன ஆயிற்று என்பது உலகமே அறிந்தது.

இப்போது ஒரு சின்ன அட்டையைப் பற்றி. சட்டத்தை மாற்றியதைவிட இதில்தான் இவர் உடனே ஜெயித்தார் என்று நினைக்கிறேன். இன்று நாம் திருநங்கை, திருநம்பி என்று மரியாதையாகச் சொல்கிறோமே, அவர்களுக்கு அன்று ஜெர்மனியில் பெயர்கூட இல்லை. ஆணாகப் பிறந்தவர் பெண் உடையில் தெருவில் நடந்தால், பொது இடத்தில் ரகளை என்று போலீஸ் பிடித்துப்போகும். 1909 வாக்கில் ஹிர்ஷ்ஃபெல்ட் பெர்லின் போலீஸாரிடம் பேசினார். இவர் பரிசோதித்து மருத்துவச் சான்று எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்துப் போலீஸ் ஓர் அட்டை தரும். இன்னார் பெண் உடை அணிபவர் என்பது எங்களுக்குத் தெரியும் என்று அதில் இருக்கும், அவ்வளவுதான். அடுத்த தெருவில் இன்னொரு போலீஸ்காரர் பிடித்தால் அட்டையைக் காட்டலாம். 1920களில் இதற்கு அடுத்த படியாக, டோனி, அலெக்ஸ் மாதிரி இருபாலுக்கும் பொதுவான பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது.

ஒரு சான்றிதழின் அருமை நமக்குத் தெரியும். எங்க வீட்டில் எனக்கு முன்னாடி யாரும் ஒரு விண்ணப்பம்கூடப் பூர்த்தி செஞ்சதில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூணும் கைக்கு வந்த அன்னைக்குத்தான் ஆபீஸ் கவுண்டர்ல என் குரல் கொஞ்சம் கணீர்னு வந்துச்சு. ஆனா ஒண்ணு. நான் நான்தான் என்பதற்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போடணும்னா அது உரிமை ஆகாது, தயவு. டாக்டர் மனசு வெச்சாத்தான் சான்று, போலீஸ் மனசு வெச்சாத்தான் அட்டை. ஜெர்மனியில் அந்த நிலை மாறி, தன் பெயரையும் பாலினத்தையும் தானே எழுதிக் கொடுத்துப் பதிவை மாற்றிக்கொள்ளலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 நவம்பரில்தான்.

முதல் உலகப் போர் முடிந்து முடியாட்சி போனது, குடியாட்சி வந்தது. 1919 ஜூலை 6-ஆம் தேதி பெர்லினில் பாலியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். நூலகம், அருங்காட்சியகம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே இடத்தில். ஏழைகளுக்கு ஆலோசனை இலவசம். வேறு எங்கும் வேலை கிடைக்காத திருநங்கையரை அங்கேயே வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். அவர்களில் டோரா ரிக்டர் என்பவர் பாலின மாற்று அறுவை சிகிச்சையை முழுமையாகச் செய்துகொண்ட முதல் சிலரில் ஒருவர். அதே 1919இல் மிரட்டல் கும்பலால் அழியும் ஓர் இசைக்கலைஞனின் கதையைச் சினிமாவாக எடுக்கத் துணை நின்றார். டாக்டராக அவரே நடிக்கவும் செய்தார். அடுத்த வருடமே சென்சார் அந்தப் படத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி செய்தது.

1920 அக்டோபரில் மியூனிக்கில் கூட்டம் முடிந்து வந்தவரை ஒரு கும்பல் மண்டை உடைய அடித்துத் தெருவில் போட்டுவிட்டுப் போனது. இறந்துவிட்டார் என்று பத்திரிகைகள் செய்தி போட்டன. தன் மரணச் செய்தியைத் தானே படித்த மனிதர் இவர்! எழுந்து மறுபடி ஊர் ஊராகப் பேசப் போனார். அடிபட்டவர் வீட்டில் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன்.

1929 அக்டோபர் 16. நாடாளுமன்றத்தின் குற்றவியல் சட்டக் குழுவில் வாக்கெடுப்பு. 175-ஐ நீக்கலாம் என்று 15 பேர், கூடாது என்று 13 பேர். முப்பத்திரண்டு வருடத்து மனுவுக்கு இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. ஆனால் குழு ஒப்புக்கொண்டால் போதாது, சபை நிறைவேற்ற வேண்டும். அது நடக்கவே இல்லை. பொருளாதாரம் சரிந்தது, ஹிட்லர் கட்சி வளர்ந்தது, மசோதா கிடப்பில் போனது. குழுவுக்குள்ளும் சண்டை, ஹிர்ஷ்ஃபெல்ட் தலைமையிலிருந்து விலகினார்.

1930 நவம்பரில் அமெரிக்காவுக்குப் பேசப் போனவர் அப்படியே உலகத்தைச் சுற்றினார். ஜப்பான், சீனா, இந்தோனேசியா, இலங்கை, 1931இல் இந்தியா. இங்கே நேருவைச் சந்தித்தார், நம் விடுதலைக்கு ஆதரவாகவும் எழுதினார். அப்போது நம் நாட்டிலும் இதே மாதிரிச் சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் 1860இல் எழுதிவைத்த 377-ஆம் பிரிவு. மனம் ஒத்த பெரியவர்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி.

மாணவர் வரும் இரண்டாம் கட்டம் இந்தப் பயணத்தில்தான். சீனாவில் லி ஷியு டாங் என்ற இளம் மருத்துவ மாணவர் இவர் பேச்சைக் கேட்டு, உதவிக்கு வருகிறேன் என்று கூடவே கிளம்பிவிட்டார். டாக்டரின் கடைசிக் காலம் வரை துணையாக இருந்தார். மாணவர்களில் நாம் பெருமைப்படத்தக்கவர் இவர் ஒருவர்தான்.

ஹிர்ஷ்ஃபெல்ட் ஐரோப்பா திரும்பினாலும் ஜெர்மனிக்குள் போகவில்லை. யூதர், சோஷலிஸ்டு, அதற்கு மேல் இந்த ஆராய்ச்சி. போயிருந்தால் உயிர் தங்கியிருக்காது.

மூன்றாம் கட்டம். 1933 மே 6-ஆம் தேதி காலை. உடற்பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் லாரிகளில் வந்து ஆராய்ச்சி நிலையத்தின் முன் இறங்கினார்கள். பேண்டு வாத்தியம் வேறு. கதவை உடைத்து, காகிதங்கள் மேல் மையை ஊற்றி, படங்களை மிதித்து, புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மே 10 இரவு பெர்லின் ஓபரா திடலில் எரிப்பு. ஹிர்ஷ்ஃபெல்டின் மார்பளவுச் சிலையைக் கம்பில் குத்தி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். நிலையத்திலிருந்து எடுத்த நூல்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல். முப்பது வருடத்துச் சேகரிப்பு. நாடெங்கும் அந்தப் புத்தக எரிப்பை ஏற்பாடு செய்தது ராணுவம் இல்லை, போலீஸ் இல்லை. ஜெர்மன் மாணவர் சங்கம். இந்த மலரை வெளியிடுவதும் ஒரு மாணவர் சங்கம்தான், அதனால் இந்த வரியை வெட்டாமல் போடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொண்டேன்.

டாக்டர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். தன் நூலகம் எரிவதை ஒரு தியேட்டரில், செய்திப்படத்தில் பார்த்தார். கூட்டத்தோடு கூட்டமாக இருட்டில் உட்கார்ந்து.

பாரிஸில் மறுபடி நிலையம் ஆரம்பிக்கப் பார்த்தார், முடியவில்லை. 1935 மே 14, பிறந்த நாள், 67 வயது. பிரான்ஸின் நீஸ் நகரில் அன்றே மாரடைப்போ வாதமோ வந்த மாதிரி சட்டென்று சரிந்து இறந்தார். ஒரு மாதம் கழித்து, ஜூனில், ஹிட்லர் அரசு 175-ஐ இன்னும் கொடூரமாக்கியது. சுமார் ஐம்பதாயிரம் பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் வதைமுகாமுக்குப் போனார்கள். டோரா ரிக்டரும் 1933 தாக்குதலில் இறந்திருப்பார் என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். இல்லை, அவர் தப்பி 1966 வரை வாழ்ந்தார் என்பது சமீபத்தில்தான் பழைய பதிவேடுகளில் தெரியவந்தது. படித்தபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

ஹிட்லர் ஒழிந்ததும் அந்தச் சட்டமும் ஒழிந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். மேற்கு ஜெர்மனி அதை அப்படியே 1969 வரை வைத்திருந்தது. முகாமிலிருந்து மீண்டவர்களில் சிலர் அதே சட்டத்தில் மறுபடி சிறைக்குப் போனார்கள். 1969இல் தளர்த்தினார்கள். அடியோடு நீக்கியது 1994இல். போருக்குப் பின் தண்டனை பெற்றவர்களின் தீர்ப்புகளை ரத்து செய்தது 2017இல். ஒரு தீர்ப்புக்கு 3,000 யூரோ, சிறையில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 1,500 யூரோ என்று நஷ்ட ஈடும் வைத்தார்கள். வாங்கிக்கொள்ள உயிரோடு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

லி ஷியு டாங் கனடாவின் வான்கூவர் நகரில் 1993இல் காலமானார், 175 நீங்குவதற்கு ஒரு வருடம் முன்பு. அவர் வீட்டைக் காலி செய்தவர்கள் குப்பையோடு போட்ட ஒரு பெட்டியை அந்தக் கட்டடத்தில் குடியிருந்த ஒருவர் எடுத்துத் திறந்து பார்த்தார். உள்ளே ஹிர்ஷ்ஃபெல்டின் காகிதங்கள் இருந்தன. என்ன ஏது என்று புரியாவிட்டாலும் அவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்தார். ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டு வரும் வரை பல வருடம் அது அவர் வீட்டிலேயே இருந்தது.